கதவில் தொங்கிய சிவப்புத் துண்டு

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்ட பட்டியலை முதலில் எழுதிவிடுகிறேன், நலம் விசாரிப்பது பிறகு. சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நம் வீட்டுப் பின்னறையில் பாட்டைப் பதிவு செய்தபோது இருந்தவர்கள்: பாடிய நீ. கிட்டார் வாசித்த நெட்டை. பேஸ் கிட்டாரோடு மூலையில் உட்கார்ந்து, வந்ததிலிருந்து போகும்வரை “தண்ணி” என்ற ஒரே வார்த்தை பேசிய அமைதி. பேக்கரியில் மாவு பிசைகிற கையால் டிரம்ஸ் அடித்த இடி. தீயணைப்பு நிலையத்து வேலை முடிந்து சீருடையோடே வந்து டிரம்பெட் ஊதிய தீயணைப்பு. பதிவு இயந்திரத்தைத் தோளில் தூக்கிவந்த ரேடியோ ரிப்பேர்காரர். ஆக ஆறு பேர். அத்தான் பஸ் டெப்போவில் இருந்தார். நான் துணி எடுக்க நடையில் போவதும் வருவதுமாக இருந்தவள், கணக்கில் சேரமாட்டேன். இசைத்தட்டாக வந்தால் அட்டையில் அச்சடிப்பார்கள் என்கிறாய். ஆறு பெயரும் பிழையில்லாமல் வரவேண்டும். பாவம், தீயணைப்பை யாராவது விட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்.

நான்கு நாள் விடாத மழையில் பதினோரு விரிப்புகளைப் பின்னறையில் கொடி கட்டிப் போட்டிருந்தேன். நீங்கள் வந்ததும் எடுக்கப் போனால் ரிப்பேர்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, “அம்மா, அப்படியே விடுங்க. ஈரத்துணி இருந்தாத்தான் எதிரொலி சாகும்” என்றார். இத்தனை வருடம் துவைத்ததற்கு முதல் பாராட்டு.

இன்னொன்று. பதிவு ஓடும்போது கதவில் சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவோம், அது தொங்கினால் மூச்சுவிடக் கூடாது என்று உங்களுக்குள் பேசிவைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? கதவில் ஒரு துண்டு. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. மடித்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இடி வெளியே வந்து, “அக்கா, இங்க ஒரு சிவப்புத் துண்டு இருந்துச்சே?” என்றான்.

“காஞ்சிருச்சுப்பா, எடுத்துட்டேன்.”

“ஐயோ அக்கா, அது துண்டில்ல, சிக்னல்!”

“சிக்னலா இருந்தா என்ன, காஞ்சா எடுக்க வேண்டாமா?”

அமைதிகூடச் சிரித்தான். நான் அந்தத் துண்டை எடுத்தபோது ஆறு மணி. ஆறு மணிக்கு நான் ஆண்டவனைக் கூப்பிட்டுப் பாடுவது உனக்குத் தெரியும். நடையில் நின்று மடித்துக்கொண்டே பாடினேன். உங்களுக்கு இடைஞ்சல் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

போன இடத்தில் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு.

எப்போதும் உன்னை நினைக்கும்,
அக்கா

ஜூன் 29

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இருமல் இல்லை. நீ கேட்கப்போகிற மூன்றுக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. உன் கால்வலி எப்படி? அத்தானின் மூக்குக் கண்ணாடியைக் கண்டுபிடித்தாரா, இல்லை அதைத் தேட இன்னொரு கண்ணாடி வாங்கினாரா?

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் நம் பாட்டைப் பதிவு செய்த நாடாவைப் போட்டுக் கேட்டார். முதலில் நகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பாட்டின் கடைசியில் ஒரு நிமிடம் இருக்கிறது. அங்கே வந்ததும் கையை உயர்த்தி எங்களைப் பேசவிடாமல் தடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதைத் தொடாதீங்க, இப்படியே போடலாம்” என்றார். “வாசல் விளக்கை அணைக்காதே” வருகிற மாதம் இசைத்தட்டாக வருகிறது!

குழுவுக்குப் பெயர் வேண்டுமாம். ஆளுக்கொன்று சொல்லி அடித்துக்கொண்டோம். கடைசியில் அமைதி வாயைத் திறந்தான்: “ஈரத்துணி.” அவன் பேசியதே அதிசயம் என்று அதையே வைத்துவிட்டோம்.

நாங்கள் வாசிப்பது ராக், அதில் சோல் கலந்திருக்கிறது என்று கம்பெனிக்காரர் எழுதியிருக்கிறார். சோல் என்றால் என்ன என்று நீ கேட்பாய். பிரார்த்தனைக் கூடத்தில் உருகிப் பாடுவது மாதிரிப் பாடி, காதலைச் சொல்வது. கோபப்படாதே.

ஒரு சின்ன விஷயம். ஆறு மணிக்கு நீ பாடுவாயே, வார்த்தை இல்லாத பாட்டு, அது யார் கட்டியது? கூடத்துப் புத்தகத்தில் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி

ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

கால் வலிக்கிறது, ஆனால் நடக்கிறது. கண்ணாடி அத்தானின் தலையிலேயே இருந்தது.

ஈரத்துணி! உலகத்தில் வேறு பெயரே கிடைக்கவில்லையா? பக்கத்து வீட்டுக்காரி, “உங்க தம்பி குழுவோட பேரு என்ன?” என்று கேட்டபோது, கேட்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

சோல் விஷயம் படித்து முதலில் கோபம்தான் வந்தது. ஆண்டவனுக்கு உருகவேண்டியதை ஒரு பெண்ணுக்கு உருகுவதா என்று. பிறகு துவைத்துக்கொண்டே யோசித்தேன். கூடத்தில் நான் கேட்பதும், “என்னை விட்டுப் போகாதே” என்பதுதானே. அதையேதான் நீயும் கேட்கிறாய். இடம்தான் வேறு.

அந்தப் பாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீ மறந்திருப்பாய். அம்மா இறந்த வருடம் உனக்கு எட்டு வயது, எனக்குப் பதினெட்டு. உனக்கு ஒன்பது நாள் ஜுரம். எட்டாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நீ என்னைப் பார்த்து, “அம்மா” என்றாய். உன் பக்கத்தில் முட்டி போட்டேன். வேண்டிக்கொள்ள வார்த்தை வரவில்லை. தெரிந்த பிரார்த்தனையெல்லாம் மறந்துபோயிற்று. வாய் தானாகத் திறந்து கூப்பிட்டது, அவ்வளவுதான். மறுநாள் ஜுரம் விட்டது. அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அதே கூப்பாடு. என் பிரார்த்தனை நோட்டில் யாருக்காக, எதற்காக, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதியில் கிடைத்தது என்று நாலு கட்டம் போட்டு எழுதுவேன். உன் பெயருக்கு நேரே கடைசிக் கட்டத்தை நிரப்பவே இல்லை. நிரப்பினால் நிறுத்தவேண்டி வருமே என்று விட்டுவைத்திருக்கிறேன்.

உன்னோடு வாசிக்கிற நால்வரையும் நோட்டில் சேர்த்துவிட்டேன். ரிப்பேர்காரரையும். இசைத்தட்டு வந்ததும் ஒன்று அனுப்பு. கேட்க இயந்திரம் இல்லை, பார்க்கவாவது செய்வேன்.

பிரியமுள்ள,
அக்கா

அக்டோபர் 2

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. ஒரே ஓட்டம். எல்லோரும் சுகம். இடி மட்டும் இரண்டு கிலோ இளைத்துவிட்டான், பேக்கரியை விட்டதால்.

அக்கா, கூட்டம் வருகிறது! முதல் மேடையில் அறுபது பேர். போன வாரம் அரங்கு நிறைந்து, ஜன்னலுக்கு வெளியே ஏறி நின்று பார்த்தார்கள். தீயணைப்பு, டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு அவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள். பஸ்ஸில் போனால் யாராவது நம் பாட்டை முணுமுணுக்கிறார்கள். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சார், நீங்கதானே வாசல் விளக்கு?” என்றார். ஆமாம், நான்தான் வாசல் விளக்கு என்றேன்.

மேடையில் கடைசிப் பகுதியைப் பாட ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறோம். சங்கீதம் படித்தவள், நல்ல குரல்.

இசைத்தட்டைத் தபாலில் போட்டால் உடைந்துவிடும். நேரில் வரும்போது கொண்டுவருகிறேன். எப்போது என்று இப்போது சொல்ல முடியவில்லை.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி

நவம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பதைப் படித்து மனம் குளிர்ந்தது. இங்கே மழை நின்றுவிட்டது. எனக்குத் தொண்டை கொஞ்சம் கம்மியிருக்கிறது. வெந்நீர் குடிக்கிறேன்.

உன் பாட்டை நேற்று கேட்டேன். தலையணை உறை தைக்கக் கொடுத்திருந்ததை வாங்கப் போனபோது, தையல்காரர் கடை ரேடியோவில் வந்தது. உன் குரலை அடையாளம் தெரிந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாதியில் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றேன்.

“கடைசியில ஒரு அம்மா கூப்பிடுவாங்க பாருங்க, அதுக்குத்தான். மிஷின் சத்தத்துல அது போயிடக் கூடாது.”

கேட்டோம். முடிந்ததும் அவர் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். “யாருன்னே தெரியலையாம். அட்டையிலகூட இல்ல” என்றார். அவரிடம் இசைத்தட்டும் இருக்கிறது. அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஆறு பெயர். தீயணைப்பின் பெயரும் இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில், “கடைசிக் குரல்: யாரோ” என்றிருந்தது. நான் கொடுத்த பட்டியல்படி சரியாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

உறைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாட்டு நன்றாக இருந்தது. நீ பாடிய இடமெல்லாம் ரொம்ப நன்றாக இருந்தது.

தூரப் பயணத்தில் ஜன்னல் ஓரம் உட்காராதே, காது அடைக்கும்.

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் நவம்பர் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்து மடிப்பில் கிழிந்துவிட்டது. இந்த மாதம் மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அத்தான்தான் எடுத்து, “அக்கா குளிக்கிறா” என்றார். எந்த நேரமும் குளித்துக்கொண்டிருக்க நீ என்ன மீனா? கோபமாக இருக்கிறாய். இருக்கவேண்டியதுதான்.

இங்கே நிலைமை சரியில்லை. இரண்டாவது பாட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் எந்தப் பாட்டைத் தொடங்கினாலும், “அந்தக் கடைசி! அந்தக் கடைசி!” என்று கத்துகிறார்கள். படித்த பெண் சுத்தமாகப் பாடினாள். ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் ஜனம் கிளம்பச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். அவள் ஒருநாள் என்னிடம், “அந்த அம்மா பாடலீங்க, யாரையோ கூப்பிடுறாங்க. எனக்கு யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இடியும் பேக்கரிக்கே திரும்பிவிட்டான். தீயணைப்புக்கு லீவு கிடைப்பதில்லை. நெட்டையும் நானும் பேசிக்கொள்வதில்லை.

அக்கா, அது நீதான். உனக்குத் தெரியும், தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பெனிக்காரர், “யார் அந்த அம்மா?” என்றதும், “பக்கத்து வீட்டில் யாரோ, தெரியாது” என்றேன். நால்வரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அமைதி எழுந்து வெளியே போனான். உன் கூடத்துப் பெரியவர்கள் உன்னைத் தப்பாகப் பேசுவார்கள், அதனால்தான் மறைத்தேன் என்று அவர்களிடம் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. நான் நாலு நிமிடம் தொண்டை கிழியப் பாடினேன். அவர் நகத்தைப் பார்த்தார். நீ துண்டு மடித்துக்கொண்டே கூப்பிட்டாய், அவர் கண்ணைத் துடைத்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கூப்பாடு எனக்காகவென்று நீ எழுதிய பிறகும் திருத்தவில்லை.

ஏப்ரலில் இன்னொரு இசைத்தட்டுக்குக் கம்பெனி கடைசி வாய்ப்பு கொடுத்திருக்கிறது. நீ வந்து பாடவேண்டும். அட்டையில் முதல் பெயராக உன் பெயர் வரும். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கிறேன்.

தம்பி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன்.

ஜனவரி பதினெட்டாம் தேதி எனக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. தொண்டைக் கம்மல் போகாமல் டாக்டரிடம் போனால், உள்ளே கட்டி என்றார். எடுத்துப் பார்த்ததில் கெட்ட கட்டி இல்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் செய்தார், அவர்மேல் குறையில்லை. இப்போது பேச்சு வருகிறது, காற்றும் மண்ணும் கலந்த மாதிரி. பாட்டு வராது. ஆறு மாதம் போனால் கொஞ்சம் தெளியலாம், பழையபடி ஆகாது என்கிறார்.

போனில் நான் “ஹலோ” என்றாலே உனக்குத் தெரிந்துவிடும். மேடையேறுகிறவனை எதற்குக் கலைக்கவேண்டும் என்று அத்தானைப் பொய் சொல்ல வைத்தேன். மனுஷனுக்கு வேறு பொய்யே தெரியவில்லை.

ஆகவே என்னால் வரமுடியாது. உன்மேல் கோபத்தினால் என்று மட்டும் நினைத்துவிடாதே. தையல்காரர் கடையிலிருந்து வரும் வழியில் கோபம் இருந்தது. “யாரோ” என்ற அந்த ஒரு சொல் உள்ளே தைத்தது. உன்னைக் குளிப்பாட்டித் தலை துவட்டிய நான் யாரோவா என்று. வீட்டுக்கு வந்து, உனக்கு எழுதுவதை நகலெடுத்து வைக்கிற நோட்டை எடுத்தேன். இருந்தவர்கள் ஆறு பேர், நான் கணக்கில் சேரமாட்டேன் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. என்னை முதலில் விட்டது நான். நீ பிறகுதான் விட்டாய். தப்பில் பாதி என்னுடையது, மீதிப் பாதியை நீ ஒப்புக்கொண்டுவிட்டாய். தீர்ந்தது.

நம் கூடத்துப் பெரியவர்கள் விஷயம் தெரியுமா? பெரியவர் வீட்டில் அந்த இசைத்தட்டு இருக்கிறதாம். “கடைசியில் வர்றது நம்ம கூடத்துக் குரல் மாதிரியே இருக்கும்மா” என்று என்னிடமே சொன்னார்.

ஆறு மணிக்கு இப்போதும் நிற்கிறேன். வாயைத் திறப்பதில்லை. கேட்கிறவனுக்கு இத்தனை வருடத்தில் மனப்பாடம் ஆகியிருக்குமே.

நீ உன் குரலில் பாடு. உனக்கும் நல்ல குரல்தான், நான் சொல்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 10

தம்பிக்கு,

என் கடிதம் வந்து சேர்ந்ததா? உடம்புக்கு ஏதாவதா? அத்தான் டெப்போவிலிருந்து மூன்று தடவை போன் போட்டார். நீ குளிக்கிறாயாமே.

அக்கா

ஜூன் 8

அக்காவுக்கு,

மன்னித்துவிடு. உன் மார்ச் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நீ நலமா, விழுங்கும்போது வலிக்கிறதா, தழும்பு எவ்வளவு பெரிது, ஆஸ்பத்திரியில் யார் துணைக்கு இருந்தார்கள், ஒன்றுமே கேட்காமல் இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

புது இசைத்தட்டு வேண்டாம் என்று கம்பெனியிடம் சொல்லிவிட்டேன். அவர்களும் மறுத்துப் பேசவில்லை. நேற்று மாலை கடைசி மேடை. முன்பு ஜன்னலில் ஏறிப் பார்த்த அதே அரங்கு. இருந்தவர்கள்: மேடையில் நான், நெட்டை, அமைதி, பேக்கரியில் லீவு கேட்டுக்கொண்டு வந்த இடி, டியூட்டி மாற்றிக்கொண்டு வந்த தீயணைப்பு. ஒலிபெருக்கியருகில் ரிப்பேர்காரர். கீழே நாற்பத்தொரு பேர். உன்னை மாதிரி எண்ணினேன்.

கடைசிப் பகுதி வந்தது. வாத்தியங்களை நிறுத்தச் சொன்னேன். “இங்கே கூப்பிடுகிற குரல் என் அக்காவுடையது. யாரோ என்று போட்டது என் பொய். எனக்கு ஜுரம் வந்தபோது எனக்காகக் கூப்பிட்டது. இப்போது அவளால் பாடமுடியாது. அதனால் இந்த இடம் காலியாக இருக்கும்” என்றேன். சும்மா நின்றோம். நெட்டை என் பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் ஒருவர் செருமிக்கொண்டு மெதுவாக அதைத் தொடங்கினார். பிறகு ஒருவர், பிறகு எல்லோரும். சுருதி சேரவே இல்லை. நாற்பத்தொரு பேருக்கும் மனப்பாடம், அக்கா.

இதோடு இசைத்தட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு தலையணைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன், உடையாது. போன வருடமே இப்படி அனுப்பியிருக்கலாம். “யாரோ” என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு உன் பெயரை எழுதியிருக்கிறேன். கீழே ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இனி என்ன என்று தெரியவில்லை. மற்றவர்கள், சும்மாவாவது ஒன்றுகூடி வாசிக்கலாம் என்கிறார்கள், இடம்தான் இல்லை. வீட்டுக்கு வரவேண்டும் போல இருக்கிறது. உன் முகத்தைப் பார்க்க வெட்கமாகவும் இருக்கிறது.

தம்பி

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

விழுங்கும்போது வலி இல்லை. தழும்பு ஒரு விரல் நீளம், சேலைத் தலைப்பில் மறைந்துவிடும். துணைக்கு அத்தான் இருந்தார், ஐந்து நாளும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

பார்சல் உடையாமல் வந்தது. தலையணைக்கு உறை போடாமல் அனுப்பியிருக்கிறாய், வளர்த்த எனக்குத்தான் அவமானம். நேற்று மாலை தையல்காரர் கடையில் போட்டுக் கேட்டோம். இருந்தவர்கள்: தையல்காரர், அவர் மனைவி, அத்தான், பக்கத்து வீட்டுக்காரி, கூடத்துப் பெரியவர், நான். ஆறு பேர். என்னையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

தையல்காரர் அட்டையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்களா?” என்றார். ஆமாம் என்றேன், இந்தக் கரகரப்பில். “அன்னிக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? ஸ்டூல்லயா உட்கார வச்சிருப்பேன்!” என்று அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரி, “ஈரத்துணின்னா இதுதானா!” என்றாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றினார், பிறகு அதை எங்கே வைத்தோம் என்று எல்லோரும் தேடினோம்.

என் குரல் எப்படி இருந்தது என்பதே எனக்கு மறந்துகொண்டு வந்தது. நடையில் நின்று மடித்தது, இடி வந்து கேட்டது எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. நன்றாகக் கேட்டால் நான் துண்டை உதறுகிற சத்தம்கூடக் கேட்கிறது. நான் துண்டைக் கதவிலேயே விட்டிருந்தால் இன்று இதுவும் இருந்திருக்காது.

வெட்கம் என்று எழுதியிருக்கிறாய். ஜுரத்தில் நீ என்மேல் வாந்தி எடுத்தபோது வராத வெட்கம் இப்போது எதற்கு? நோட்டில் உன் பெயருக்கு நேரே கடைசிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இங்கே மழை பிடித்துவிட்டது. பின்னறையைப் பெருக்கித் துடைத்து நான்கு கொடி கட்டிவிட்டேன். பாடமுடியாவிட்டால் என்ன, துவைக்கக் கை இருக்கிறது. வாசியுங்கள், நடையில் உட்கார்ந்து கேட்கிறேன். சிவப்புத் துண்டையும் கதவில் மாட்டியாயிற்று. இந்தத் தடவை காய்ந்தாலும் எடுக்கமாட்டேன், சத்தியம்.

எந்த நாள் வருகிறாய், உன்னோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுது. அதற்குத் தகுந்தாற்போல் விரிப்புகளை நனைத்துப் போடவேண்டும். பதில் சீக்கிரம் போடு.

உன் அக்கா